ஸ்டோரிலிருந்து எஞ்சின் அறைக்கு: தொழில் மாறிக் கப்பலேறும் மலையகத்தவர் கடலுக்குப் பழகுவது எப்படி?

தலவாக்கலை பிட்டர்:

தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் (தொழிற்சாலையில்) பத்தாண்டுகளுக்கு மேல் பிட்டராக (இயந்திரம் பழுதுபார்ப்பவராக) வேலை செய்துவிட்டு, முப்பது வயதைத் தாண்டிய பின் கப்பலேறியவன் நான். நிலக்கரியும் தானியமும் ஏற்றும் மொத்தச் சரக்குக் கப்பலொன்றில் வைப்பராக (எஞ்சின் அறையின் கடைநிலைப் பணியாளராக) முதல் ஒப்பந்தத்தை முடித்து, இப்போது விடுமுறையில் வீட்டில் இருக்கிறேன். கொட்டகலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கத்து இளைஞர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சம்பளம் எவ்வளவு, பயிற்சியை எங்கே பெறலாம் என்பவைதாம். அவற்றுக்கு இங்கே வேறு இழைகள் இருக்கின்றன. ஒரு தொழிலில் காலூன்றிய பிறகு கடலுக்குப் போகிறவருக்கு உடலும் மனமும் எப்படிப் பழகுகின்றன என்பதை மட்டும் இந்த இழையில் பேசுவோம்.

இயந்திரங்கள் எனக்குப் பெரிய அந்நியமாக இருக்கவில்லை. கொழுந்து பெருகி வரும் மாதங்களில் இரவு முழுவதும் ரோலர்களும் டிரையரும் ஓடும் ஸ்டோரில் நின்றவனுக்கு இரவுப் பணியும் எண்ணெய் வாடையும் புதியவை அல்ல. ஆனால் ஸ்டோரில் நான் காதை நம்பியே வேலை செய்தேன். ஒரு ரோலரின் பெயரிங் தேயத் தொடங்கினால், மேல்மாடியில் கொழுந்து வாட்டும் இடத்தில் நின்றாலும் சத்தத்தில் தெரிந்துவிடும். கப்பலின் எஞ்சின் அறையிலோ காதுக் கவசத்தைக் கழற்றவே கூடாது. அதிர்வைக் கையால் தொட்டுப் பார்த்தும், வெப்பமானியும் அழுத்தமானியும் காட்டுவதை மணிக்கணக்கில் குறித்து ஒப்பிட்டும் ஒரு பம்பு நலமாக இருக்கிறதா என்று அறிந்துகொள்ளப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

வெப்பம் அடுத்தது. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டு வளர்ந்த உடலை, பாரசீக வளைகுடாவில் 40 பாகைக்கு மேல் கொதிக்கும் எஞ்சின் அறையில் கொண்டுபோய் நிறுத்தினால் அது முரண்டு பிடிக்கத்தான் செய்யும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையோடு போகும் உப்பு திரும்புவதில்லை. கால் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி பைக்கற்றுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவது நல்லது. கப்பலிலும் அதுபோன்றவை இருக்கும். கேட்டு வாங்கத் தயங்குகிற முதல் கிழமைகளில்தான் கைவசம் இருப்பது உதவும்.

இவற்றைவிட அதிக காலம் எடுத்தது இன்னொன்று. தோட்டத்தில் துரை (தோட்ட அதிகாரி) ஒன்றைச் சொன்னால், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் "சரிங்க தொர" என்று தலையாட்டிவிட்டு, பிறகு டீமேக்கரிடமோ கணக்கப்பிள்ளையிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வது தலைமுறைகளாக வந்த நடைமுறை. அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். எதிர்க்கேள்வி கேட்டவருக்கு மறுநாள் பெரட்டில் (காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடத்தில்) வேலை கிடைக்காமல் போன காலத்தில் அது தற்காப்பாக இருந்தது. கப்பலில் அதே பணிவு ஆபத்தாகிவிடுகிறது. என் மேலதிகாரியான மூன்றாம் பொறியாளர் என்னைவிட மிகவும் இளையவர், வேற்று நாட்டவர், விரைவாக ஆங்கிலம் பேசுகிறவர். எந்தத் தாங்கியின் எந்த வால்வைத் திறக்க வேண்டும் என்று அவர் சொல்லும்போது, நான் தலையை மட்டும் ஆட்டினால் அவர் நகரமாட்டார்; சொன்னதை முழுவதுமாகத் திருப்பிச் சொல்லும் வரை அங்கேயே நிற்பார். ஆரம்பத்தில் அதை அவமதிப்பு என்றே எடுத்துக்கொண்டேன். கப்பல் முழுவதும், கப்டன் உட்பட, எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பது பிறகுதான் கண்ணில் பட்டது.

வேறு தொழிலிலிருந்து போனவர்களுக்கு எது கடினமாக இருந்தது என்பதை எழுதுங்கள்.


பதுளை போசன்:

தம்பி, கடைசியாக எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். போசனாக (டெக் பணியாளர்களின் மேற்பார்வையாளராக) ஓய்வு பெற்றவன் நான். டெக்கில் (கப்பலின் மேல்தளப் பணியில்) சேரும் புதியவர்களில், கடலே தெரியாமல் வந்தவரைக் கண்டு நான் ஒருநாளும் அஞ்சியதில்லை. வேறொரு வேலையில் பெயர் எடுத்துவிட்டு வந்து, தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுகிறவரைக் கண்டே அஞ்சினேன். பதினெட்டு வயதுப் பையன் ஒன்றும் தெரியாதவனாக இருப்பதில் யாருக்கும் வியப்பில்லை. முப்பத்தைந்து வயதுக்காரருக்கு அந்தச் சலுகை தமக்கு இல்லை என்று தோன்றிவிடுகிறது. கப்பலில் சேர்ந்த அன்றே எல்லாருக்கும் கப்பலைச் சுற்றிக் காட்டி, ஆபத்து வேளையில் எங்கே கூட வேண்டும், உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது என்று விளக்குவது விதி. அந்த நேரத்தில் அசட்டுக் கேள்வி என்று ஒன்று இல்லவே இல்லை.

இதனோடு சேர்ந்த இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். நம் லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஒருவர் கிணற்றிலோ குழியிலோ விழுந்துவிட்டார் என்ற கூக்குரல் கேட்டால், யார் எவர் என்று பாராமல் நாலு பேர் உள்ளே இறங்கிவிடுவார்கள். அது நம் மக்களின் நல்ல குணம். கப்பலில் அந்தக் குணத்தையே கட்டிப்போட வேண்டியிருக்கிறது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 சதவீதம். மூடிக் கிடக்கும் தாங்கியிலும் நங்கூரச் சங்கிலி அறையிலும் இரும்பு துருப்பிடிக்கும்போது அந்த ஒட்சிசனைத் தின்றுவிடுகிறது. நிலக்கரி, மரத்துண்டுகள், பழைய இரும்பு ஆகிய சரக்குகளும் அப்படியே. மணமோ நிறமோ இல்லாததால் இறங்குகிறவருக்கு எச்சரிக்கையே கிடைப்பதில்லை. ஒருவர் மயங்கி விழுந்ததைக் கண்டு அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் இறந்துபோவதே இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. அதனால்தான் மூடிய இடத்தில் மீட்புப் பயிற்சியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்று உயிர்ப் பாதுகாப்புச் சமவாயமான சோலாஸ் விதித்திருக்கிறது. காற்றை அளந்து, அனுமதிப் பத்திரம் எழுதி, வாயிலில் ஒருவரை நிறுத்தாமல் எவரும் உள்ளே போகக் கூடாது. விழுந்தவர் உங்கள் அறைத் தோழராகவே இருந்தாலும் முதலில் அலாரத்தை அடித்துவிட்டு, சுவாசக் கருவியோடு குழு வரும் வரை வெளியே நிற்க வேண்டும். நம் ஆட்களுக்குக் கடலில் கற்பிக்க மிகக் கடினமான பாடம் இதுதான் என்பது என் கருத்து.

கடல் மயக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் கேட்பார்கள். உட்காது அசைவை உணர்கிறது. அறைக்குள் இருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது. ஹட்டன் வீதியின் வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுக்காதவர் கடலிலும் எடுக்கமாட்டார் என்று நம்புகிறவர்கள் உண்டு. அதற்கு உத்தரவாதம் கிடையாது. ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெதுவான அசைவுதான் மனிதரை அதிகம் புரட்டுகிறது, அது பஸ்ஸின் குலுக்கலைப் போன்றதல்ல. பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாட்களில் தணிந்துவிடும். வயிற்றை வெறுமையாக விடாமல் உலர்ந்த பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு, இயலுமானால் கப்பலின் நடுப்பகுதியில் நின்று தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை உண்பதானால் குமட்டல் வருமுன் உண்ண வேண்டும். சில மாத்திரைகள் தூக்கத்தைத் தருவதால் வாட்ச் (முறைக் கண்காணிப்புப் பணி) நிற்பவர் அதிகாரியிடம் சொல்லிவிட்டே எடுக்க வேண்டும்.

தொடுவானம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எப்பக்கம் திரும்பினாலும் ஒரு மலை வழிமறிக்கும் ஊரில் பிறந்தவனுக்கு, நீர்மட்டத்துக்கு முப்பது மீற்றர் மேலே இருக்கும் பிரிஜ்ஜில் (கப்பலைச் செலுத்தும் மேடையில்) நின்றால் எல்லாத் திசையிலும் சுமார் இருபது கிலோமீற்றர் வெறும் நீர் என்பது முதலில் தலைசுற்றலைத் தந்தது. இதே கடலில் வந்த பழங்கால அரபு மாலுமிகள் 2,243 மீற்றர் உயரமான நம் சிவனொளிபாதமலையைத் தொலைவிலிருந்து கண்டு இலங்கையை அடையாளம் கண்டார்கள் என்பதைப் பின்னாளில் ஒரு கப்டன் சொல்லக் கேட்டு மனத்துக்குள் சற்றுப் பெருமைப்பட்டுக்கொண்டேன். விடயத்துக்கு இது அவசியமில்லை, மன்னிக்கவும்.


மடுல்சீமை வெளிக்களம்:

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம். தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருக்கிறேன், வயது முப்பத்து நான்கு. டெக் பக்கம் போகலாமா என்று யோசிக்கிறேன். எனக்கு நீச்சல் அறவே தெரியாது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் பக்கம் போகக்கூடாது என்று அடித்து வளர்க்கப்பட்ட தலைமுறை எங்களுடையது. மூக்குக் கண்ணாடியும் அணிகிறேன். இவ்விரண்டும் தடையாகுமா?


தலவாக்கலை பிட்டர்:

தம்பி, பயிற்சிக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்னர் கடற்பணியாளருக்கான மருத்துவப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பணத்தை இழந்தவர்களை எங்கள் பயிற்சி வகுப்பிலேயே பார்த்தேன். கண்ணாடி அணிவது தன்னளவில் தடையல்ல, கண்ணாடியோடு குறித்த அளவு பார்வை வந்தால் போதும். டெக் பணிக்கு நிறப்பார்வை கட்டாயம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாவிட்டால் இரவில் எதிரே வரும் கப்பலின் எந்தப் பக்கம் தெரிகிறது என்றே சொல்ல இயலாது. நிறக்குருடு இருப்பது பலருக்கு அந்தப் புள்ளிப் படப் புத்தகத்தைக் காட்டும் வரை தெரிவதேயில்லை. முப்பதைத் தாண்டியவர்கள் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பார்த்துக்கொள்வதும் நல்லது.

நீச்சலைப் பொறுத்தவரை, கடற்பணியாளர் பயிற்சிக்கான சர்வதேசச் சமவாயமான எஸ்.டி.சி.டபிள்யூ. கேட்கும் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் தனியாள் உயிர்பிழைப்பு நுட்பம் என்ற பகுதி தண்ணீரில்தான் நடக்கும். உயிர்காப்புச் சட்டையோடு உயரத்திலிருந்து குதிக்க வேண்டும், அதை அணிந்தபடி நீந்த வேண்டும், கவிழ்ந்து கிடக்கும் காற்றுப் படகை நிமிர்த்த வேண்டும், சட்டை இல்லாமலும் மிதந்து காட்ட வேண்டும். போட்டி நீச்சல் தெரிய வேண்டும் என்பதில்லை. தண்ணீருக்குள் முகம் போனதும் பதறாமல் இருக்க வேண்டும். ஆகவே பயிற்சிக்கு ஒரு மாதமாவது முன்னதாக, நீர்த்தேக்கத்தில் அல்ல, பயிற்றுநர் இருக்கும் நீச்சல் தடாகமொன்றில் மூச்சடக்கவும் மிதக்கவும் பழகிவிடுங்கள். எங்கள் குழுவில் அழுதுகொண்டே குதித்தவர் ஒருவர் இருந்தார். இப்போது அவர் நல்லதொரு கப்பலில் இருக்கிறார்.


ஹப்புத்தளை அக்கா:

கப்பலில் இருப்பவர்கள் பழகுவதைப் பற்றி எழுதுகிறீர்கள். கரையில் இருப்பவர்களும் பழக வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கணவர் தோட்டத்து லொறிச் சாரதியாக இருந்து, இப்போது கொள்கலன் கப்பலில் ஏ.பி.யாக (தேர்ந்த டெக் பணியாளராக) இருக்கிறார்.

லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு விடயம் தெரியும்: ஒரு வீட்டுச் சாவுக்குப் போகாதவனை ஊர் எளிதில் மன்னிப்பதில்லை. என் மாமனார் காலமானபோது கணவரின் கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே இருந்தது. அடுத்த துறைமுகத்துக்கே பல நாள் இருந்தது, உடலை அதுவரை வைத்திருக்க இயலாது. கொள்ளி வைப்பது யார் என்ற கேள்வி முற்றத்தில் எழுந்தபோது, உறவினர் சிலர் பேசிய பேச்சு சாவைவிட வலித்தது. வயதான பெற்றோரை விட்டுப் போகிறவர்கள், அப்படி நேர்ந்தால் யார் முன்னின்று செய்வது என்பதைப் பெரியவர்களின் முன்னிலையில், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். அபசகுனமாகப் பேசாதே என்று சொல்வார்கள், சொல்லட்டும். நாங்கள் என் அம்மா விடயத்தில் அப்படிப் பேசி வைத்துவிட்டோம், கருமாதிக்கு அவர் வர முடிந்தால் வருவார், முடியாவிட்டால் யாரும் குறை சொல்வதில்லை என்பது வரை.

இரண்டாவது, மழை. ஒக்டோபர் தொடங்கி வருட இறுதி வரை எங்கள் பக்கம் ஒவ்வோர் இரவும் பயம்தான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பதுளை மாவட்டத்தில் எவரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும்போது அதைக் கப்பலில் இருக்கும் அவரும் தொலைபேசியில் பார்த்துவிடுகிறார். பார்த்துவிட்டு அவரால் எதுவும் செய்ய முடிவதில்லை. செம்மஞ்சள் வந்தால் பிள்ளைகளோடு பாடசாலைக் கட்டடத்துக்கு, அல்லது உறவினர் வீட்டுக்கு, யாரையும் கேட்காமல் போய்விடுவேன், போய்ச் சேர்ந்ததும் ஒரு செய்தி அனுப்புவேன் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. வரும் செய்தி முடிவாகத்தான் வரும், கேள்வியாக வராது என்று தெரிந்த பிறகு அவருக்கு வாட்ச்சில் கவனம் நிற்கிறதாம்.

வீட்டைப் பற்றியும் யோசியுங்கள். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தமானது. வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்கிற வரையில் யாரும் கேட்பதில்லை, எவருமே இல்லை என்றானால் பேச்சு வரத் தொடங்குகிறது. நான் கொழுந்து பறிப்பதை இன்னும் விடாமல் இருப்பதற்கு அது ஒரு காரணம்.

அவர் திரும்பி வந்த பிறகு முதல் மாதம்தான் எங்களுக்கு மிகக் கடினம், இதை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் இல்லாத மாதங்களில் பிள்ளைகளின் படிப்பு, சங்கத்துச் சந்தா, அடகு மீட்பது, சீட்டுக் கட்டுவது எல்லாம் என் கையில் ஓர் ஒழுங்கில் ஓடுகின்றன. வந்தவர் வந்த வேகத்தில் எல்லாவற்றையும் திருத்தத் தொடங்குகிறார். மகனோ எதற்கும் என் முகத்தையே பார்க்கிறான். அதிகாலை வாட்ச் நின்ற பழக்கத்தில் நாலு மணிக்கு எழுந்து முற்றத்தில் உலாத்துகிறார். அயலில் என்ன பிரச்சினை என்று கேட்கிறார்கள். இப்போதெல்லாம் வந்த முதல் இரண்டு கிழமைகளுக்கு வீட்டு விடயங்களில் அவர் வாய் திறப்பதில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார், சீட்டைத் தவிர. சீட்டு என்னிடமே இருக்கும்.


நுவரெலியா குசினி:

அக்காவின் பதிவை என் மனைவிக்கும் அனுப்பியிருக்கிறேன்.

நான் ஹோட்டலில் சமையற்காரராக இருந்து பயணிகள் உல்லாசக் கப்பலுக்குப் போனவன். அங்கே நிலைமை வேறு என்பதால் எழுதுகிறேன். சரக்குக் கப்பலில் ஏறத்தாழ இருபது பேர் இருப்பார்கள், தனிமை வாட்டும் என்கிறார்கள். எங்களுக்கோ தனிமையே கிடைப்பதில்லை. ஆயிரக்கணக்கான விருந்தினர், ஆயிரக்கணக்கில் பணியாளர், நீர்மட்டத்துக்குக் கீழே சன்னல் இல்லாத அறையில் வேற்று நாட்டவரோடு பகிர்ந்துகொள்ளும் அடுக்குக் கட்டில். ஒப்பந்தம் முடியும் வரை கிழமை விடுமுறை என்று ஒரு முழு நாள் கிடையாது; மணித்தியாலங்களாக மட்டுமே ஓய்வு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் ஆறு பேரோடு வளர்ந்த எனக்கு இடநெருக்கடி பெரிதாகத் தெரியவில்லை, ஹோட்டல் தொழிலாளர் விடுதியில் தனி அறையில் இருந்து வந்த நண்பர் மிகவும் சிரமப்பட்டார்.

சமையலில் கை தேர்ந்தவர் என்ற எண்ணத்தை ஏறும்போதே இறக்கி வைத்துவிட வேண்டும். நுவரெலியாவில் நான் கறியின் பக்குவத்தை மணத்தில் அறிந்தேன். அங்கே வெப்பமானியைக் குத்தி, எழுதி, கையொப்பமிட வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் உல்லாசக் கப்பல்களில் அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் முன்னறிவித்தல் இல்லாமல் வருவார்கள். சூடாக வைத்திருக்கும் உணவு 57 பாகைக்குக் கீழே போகக் கூடாது, குளிராக வைத்திருப்பது 5 பாகைக்கு மேலே வரக் கூடாது. ஒருவருக்கு வயிற்றோட்டம் கண்டால் உடனே அறிவித்துவிட்டுத் தனித்திருக்க வேண்டும், மறைத்தால் வேலை போகும். வயிற்றுவலியோடும் வேலைக்குப் போவதைக் கடமை என்று கருதும் நம்மவர்களுக்கு இது புதிது.

ஒரேயொரு மனக்குறை தேநீர். உயர்நிலத் தேயிலையின் பி.ஓ.பி.எப். தரத்தைக் குடித்து வளர்ந்துவிட்டு, நூல் கட்டிய பையில் வரும் தூளைக் குடிக்கும் கொடுமையை எந்தப் பயிற்சி நிலையமும் கற்பிப்பதில்லை. போகும்போது அரைக் கிலோவாவது எடுத்துச் செல்லுங்கள். சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால் பிலிப்பைன்ஸ்காரரும் இந்தோனேசியரும் நண்பர்களாகிவிடுகிறார்கள்.


மஸ்கெலியா வாசகன்:

எல்லாரும் நன்மைகளையே எழுதுவது போலத் தோன்றுகிறது. எங்கள் ஊரில் ஒரு பையன், அம்மாவின் நகைகளை அடகு வைத்து, கப்பலில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு முகவருக்கு இலட்சக்கணக்கில் கொடுத்தான். கொழும்பில் மாதக்கணக்கில் அறை எடுத்துக் காத்திருந்தும் கப்பல் கிடைக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. தோட்டத்து வேலையையும் விட்டுவிட்டதால் இப்போது நாட்கூலிக்குப் போகிறான். கடலுக்குப் பழகுவதற்கு முதலில் கடலைக் கண்ணால் காண வேண்டுமே? படித்த, கைத்தொழில் தெரிந்த பிள்ளைகளை எல்லாம் இப்படி வெளியே அனுப்பிவிட்டால் தோட்டத்தில் யார் மிஞ்சுவார்கள் என்ற கேள்வியும் எனக்கு உண்டு.


பதுளை போசன்:

உங்கள் கோபம் நியாயமானது. முதற் பகுதிக்கு என்னிடம் தெளிவான பதில் இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் தாபனத்தின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2006இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2013 ஓகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வேலை தேடித் தருவதற்காகக் கடற்பணியாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், கடற்பணியாளர் புத்தகம், கடவுச்சீட்டு போன்ற சொந்த ஆவணங்களின் செலவு மட்டுமே நம்முடையது. பயிற்சிக்குப் பயிற்சி நிலையத்தில் கட்டுவது வேறு, கப்பல் வாங்கித் தருகிறேன் என்பவர் கேட்பது வேறு. பின்னையதைக் கேட்டவுடனேயே எழுந்து வந்துவிட வேண்டும். முகவருக்கு அனுமதி இருக்கிறதா என்பதைக் கொழும்பில் உள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தில் கேட்டறியலாம். சி.டி.சி. எனப்படும் அந்தக் கடற்பணியாளர் புத்தகத்தை வழங்குவதும் அவர்களே.

கையொப்பமிட்ட வேலை ஒப்பந்தத்தின் ஒரு பிரதி உங்களிடம் இல்லாமல் விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். பதவி, சம்பளம், ஒப்பந்தக் காலம், ஊர் திரும்பும் உரிமை ஆகியவை அதில் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்கு அனுப்பும் செலவு கப்பல் உரிமையாளருடையது.

ஓய்வு நேரத்தைப் பற்றியும் சமவாயம் திட்டமாகச் சொல்கிறது: எந்த 24 மணித்தியாலத்திலும் குறைந்தது 10, எந்த ஏழு நாளிலும் குறைந்தது 77 மணித்தியாலம். அந்தப் பத்தை இரண்டு பகுதிக்கு மேல் உடைக்கக் கூடாது, ஒன்று ஆறு மணித்தியாலமாவது தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஏட்டில் எழுதப்படுவதும் உண்மையில் நடப்பதும் எல்லாக் கப்பல்களிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அடுத்தடுத்துத் துறைமுகங்கள் வரும்போது ஆட்கள் உறங்காமல் நிற்பதும், ஓய்வு ஏடு அழகாக நிரப்பப்படுவதும் நடக்கின்றன. தோட்டத்தில் அரைநாள் பேரை (கூலிப் பதிவை) முழுநாளாக்கப் போராடிய நாம், உழைக்காத நேரத்தை உழைத்ததாக எழுதக் கேட்டதில்லை. இங்கே அதற்கு மாறாக, உழைத்த நேரத்தை உறங்கியதாக எழுதிக் கையொப்பம் கேட்பார்கள். உங்கள் நேரத்தை உங்கள் குறிப்புப் புத்தகத்தில் நீங்களே எழுதி வாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு, தோட்டத்தில் யார் மிஞ்சுவார்கள் என்பதற்கு, என்னிடம் விடை இல்லை. அதைத் துரைமாரிடமும் கொம்பனிகளிடமும் கேட்க வேண்டும். கப்பலேறுகிற பிள்ளையிடம் கேட்கக் கூடாது.


தலவாக்கலை பிட்டர்:

போசன் ஐயா ஓய்வைப் பற்றி எழுதியதால் இணையத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதே சமவாயத்துக்கு 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, நடைமுறையில் இயலுமானவரை கடற்பணியாளருக்குக் கப்பலில் இணைய வசதி செய்து கொடுக்க வேண்டும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் தொழில் மாறிப் போனவருக்கு அது இருபக்கமும் வெட்டுகிறது. என்னோடு ஸ்டோரில் இருந்தவர்களின் வட்ஸ்அப் குழுவில் நான் இன்னமும் இருந்தேன். புதிய டிரையர் வந்ததையும், யார் யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்பதையும், தீபாவளி முற்பணத்துக்கான சண்டையையும் நடுக்கடலில் படித்துக்கொண்டிருக்கும்போது, விட்டுவந்த வேலை விடாமல் கூடவே வருகிறது. மேற்கே போகும்போது 15 பாகை நெட்டாங்குக்கு ஒருமுறை கப்பலின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்தள்ளுவார்கள். ஊரில் விடியும் நேரத்துக்கு விழித்திருந்து கதைக்க வேண்டும் என்று நினைத்தால் நம் உறக்கம்தான் போகும். வைப்பராக இருப்பவர் உறக்கமில்லாமல் பியூரிஃபயர் (எண்ணெய் சுத்திகரிக்கும்) அறையில் நிற்பது யாருக்கும் நல்லதல்ல. ஆகவே குழுவை விட்டு விலகினேன். வீட்டோடு கதைப்பதற்கு வேலை முடிந்த பின் ஒரு நேரத்தை வைத்துக்கொண்டேன். விலகியதற்கு நண்பர்கள் கோபித்துக்கொண்டது உண்மை. டொலர் வந்ததும் தலைக்கனம் என்றார்கள்.

பதவியில் கீழே இறங்கியது பற்றி ஒரு வார்த்தை. ஸ்டோரில் எனக்குக் கீழே உதவியாட்கள் இருந்தார்கள். கப்பலில் தளம் துடைப்பதும், எண்ணெய்க் கழிவுக் குழியைக் கழுவுவதும், வண்ணம் பூசுவதும் என் வேலை. அது காயப்படுத்தும், காயப்படுத்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒரு பம்பைப் பிரித்துப் பூட்டும்போது கையில் பழக்கம் இருப்பதை இரண்டாம் பொறியாளர் கவனித்துவிட்டார். பிறகு கூப்பிட்டுக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். ஆறு மாதக் கடற்சேவையும் பயிற்சி ஏட்டில் கையொப்பங்களும் இருந்தால் எஞ்சின் வாட்ச் தரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அடுத்த ஒப்பந்தத்துக்கு வைப்பருக்கு மேலான ஒயிலர் பதவியில் போக முயல்கிறேன்.


மடுல்சீமை வெளிக்களம்:

மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டேன், பயிற்சிக்கு இன்னும் பணம் கட்டவில்லை. கடைசியாக ஒன்று. தோட்டத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு என் சம்பளத்தில் 8 சதவீதமும் தோட்டத்தின் பங்காக 12 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் போகின்றன. கப்பலில் இவை உண்டா? ஒரு ஒப்பந்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் வீட்டில் இருக்கும் மாதங்களுக்குச் சம்பளம் வருமா?


ஹப்புத்தளை அக்கா:

இதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி, எங்கள் வீட்டில் கணக்கு எழுதுவது நான். கொம்பனிக்குக் கொம்பனி வேறுபடும், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். என் கணவரின் ஒப்பந்தத்தில் விடுமுறைச் சம்பளம் மாதச் சம்பளத்துக்குள்ளேயே சேர்த்துக் கொடுக்கப்பட்டுவிடுகிறது, இறங்கிய நாளோடு வரவு நின்றுவிடும். சேமலாப நிதிப் பிடித்தமும் இல்லை. ஆகவே வீட்டுக்கு வரும் ஒவ்வொரு மாதப் பணத்திலும் முதலில் ஒரு பங்கை, அவர் வீட்டில் இருக்கப்போகும் மாதங்களுக்கென்று வேறு கணக்கில் போட்டுவிட்டு, அதற்குப் பின்புதான் மளிகைக்கும் கடனுக்கும் எடுக்கிறேன். நான்கு மாதச் செலவு அதில் நிறையும் வரை வீட்டுக்குப் புதிதாக எதுவும் வாங்குவதில்லை. முதல் ஒப்பந்தத்தில் உறவினர்கள் கடன் கேட்டு வருவார்கள். அந்தக் கணக்கைப் பற்றி அவர்களிடம் சொல்லாதீர்கள். வீட்டில் மனைவியின் பெயரிலும் கையொப்பமிடக்கூடிய வங்கிக் கணக்கைப் புறப்படும் முன்பே திறந்துவிடுங்கள்; நீங்கள் கடலில் இருக்கும்போது அதற்காக அலைய முடியாது.


மடுல்சீமை வெளிக்களம்:

நன்றி அக்கா. கூட்டுக் கணக்கு திறக்க என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று நாளை பசறைக்குப் போய் வங்கியில் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.